துலாக்கோலை நிறுப்பது எதைக் கொண்டு?

தேர்வு என்பது அறிவை அளக்கும் கருவி என்று கொள்ளப்படுகிறது. ஆனால் அந்தக் கருவியே பிழையுடையதாக இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தவுடன், அப்பிழையை எந்த அளவுகோலால் கண்டறிவது என்ற கேள்வியும் உடன் எழுகிறது. கல்வி அளவீட்டுத் துறை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இதற்குத் தந்துவரும் விடை, மாணவர்கள் எழுதிய விடைகளையே திரட்டி, எண்ணி, அந்த எண்களைக் கொண்டு வினாக்களைச் சோதித்துத் திருத்துவது என்பதாகும். அளக்கப்பட்டவர்களைக் கொண்டே அளவுகோல் அளக்கப்படுகிறது. நடைமுறையில் பெரும்பயன் விளைத்துள்ள இம்முறைக்குள், அறிவைப் பெறும் வாயில்களைப் பற்றி இந்திய மெய்யியலாளர்கள் அளவை நூல்களில் தலைமுறை தலைமுறையாக வாதிட்ட ஒரு சிக்கல் தீராமலே இருக்கிறது; கல்வியியல் பாடநூல்கள் அதை ஒரு தொழில்நுட்பக் குறிப்பாகக் கருதி இரண்டு வரிகளில் கடந்துவிடுகின்றன.

ஐயம் முதலில் விழுந்தது வினாவின் மீதன்று, விடைத்தாளைத் திருத்துபவரின் மீது. பொருளியலாளரும் புள்ளியியலாளருமான பிரான்சிஸ் எட்ஜ்வர்த் 1888-இலும் 1890-இலும் இங்கிலாந்தின் அரசப் புள்ளியியல் கழக இதழில் எழுதிய கட்டுரைகளில், போட்டித் தேர்வின் முடிவில் தற்செயலுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்று கணக்கிட முயன்றார். ஒரே லத்தீன் உரைநடைப் பகுதியைத் தகுதியுள்ள 28 பேர் மதிப்பிட்டபோது மதிப்பெண்கள் 45 முதல் 100 வரை பரந்து கிடந்ததை அவர் ஆய்வு காட்டியது. திருத்துபவரின் மனநிலைக்கும் விருப்பு வெறுப்புக்கும் இடமளிக்காத வினாவடிவம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று, 1910-களில் அமெரிக்காவில் ஃபிரெடெரிக் கெல்லி போன்றோரின் முயற்சியால் பலவுள் தெரிவு வினா பரவியது. இதனால் பிழை ஒழிந்துவிட்டதாகக் கொள்வதற்கில்லை. அது இடம் மாறியது. திருத்துபவரிடம் இருந்த முடிவெடுக்கும் அதிகாரம் முழுவதும் வினாவை அமைத்தவரிடமும் அவர் எழுதிவைத்த விடைக்குறிப்பிடமும் போய்ச் சேர்ந்தது. முன்பு ஒருவர் தவறினால் அவர் கைக்கு வந்த தாள்கள் மட்டுமே பாதிக்கப்பட்டன; இப்போது விடைக்குறிப்பில் ஓர் எழுத்து தவறினால் தேர்வெழுதிய அனைவரும் பாதிக்கப்படுகின்றனர். வினாவைத் தனியே எடுத்துச் சோதிக்கும் கலை பிறந்ததற்கு இதுவே காரணம்.

வினாப் பகுப்பாய்வு எனப்படும் அக்கலையின் அடிப்படை எளியது. ஒரு வினாவுக்குச் சரியாக விடையளித்தோரின் விகிதம் அதன் கடினநிலை மதிப்பு எனப்படும். பெயருக்கு மாறாக, இம்மதிப்பு உயர உயர வினா எளிதாகிறது. மொத்த மதிப்பெண்ணில் முன்னணியில் உள்ளவர்களையும் பின்தங்கியவர்களையும் இரு குழுக்களாகப் பிரித்து, குறிப்பிட்ட வினாவுக்கு முதற்குழுவில் சரியாக விடையளித்தோரின் விகிதத்திலிருந்து இரண்டாம் குழுவின் விகிதத்தைக் கழித்தால் கிடைப்பது வேறுபடுத்தும் திறன். இருமுனைகளிலும் 27 விழுக்காட்டினரை எடுத்துக்கொள்வதே சிறந்தது என்று ட்ரூமன் கெல்லி 1939-இல் கணித முறையில் காட்டியதால் அவ்வெண் வழக்கில் நிலைத்துவிட்டது. 200 பேர் எழுதிய ஒரு தேர்வில் ஒவ்வொரு முனையிலும் 54 பேர் என்றும், ஒரு வினாவுக்கு மேற்குழுவில் 40 பேரும் கீழ்க்குழுவில் 16 பேரும் சரியாக விடையளித்தனர் என்றும் கொண்டால், அதன் வேறுபடுத்தும் திறன் 0.44 ஆகும். ராபர்ட் ஈபெல் வகுத்துத் தந்து பல பல்கலைக்கழகங்கள் இன்றும் பின்பற்றும் வரையறையின்படி 0.40-க்கு மேற்பட்டது மிக நல்ல வினா, 0.20-க்குக் கீழ்ப்பட்டது நீக்கத்தக்கது அல்லது முற்றிலும் திருத்தத்தக்கது. இம்மதிப்பு சுழியத்துக்கும் கீழே இறங்கினால், அதாவது பின்தங்கியவர்கள் சரியாகவும் முன்னணியினர் தவறாகவும் விடையளித்திருந்தால், விடைக்குறிப்பு தவறாக இருக்கலாம், அல்லது வினாவின் சொல்லமைப்பு நுணுகிச் சிந்திப்பவரை வழிதவறச் செய்யலாம். இத்தகைய வினாக்களை இம்முறை ஒவ்வொரு தேர்விலும் பிடித்துத் தருகிறது. அந்த நன்மையைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆயினும் இக்கணக்கில் முன்னணியினர் என்போர் யார்? அந்தத் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றவர்கள். அவர்கள் அறிந்தவர்கள் என்பதற்குச் சான்று அவர்கள் பெற்ற மொத்த மதிப்பெண். அம்மொத்தம் நம்பத்தக்கது என்பதற்குச் சான்று அதிலுள்ள வினாக்கள் நல்லவை என்பது. வினாக்கள் நல்லவை என்பதற்குச் சான்று முன்னணியினர் அவற்றுக்குச் சரியாக விடையளித்தனர் என்பது. இந்தியத் தருக்க நூல்கள் இதனை அன்னியோன்னியாசிரயம் என்று குற்றமாக வகுத்துள்ளன. ஒன்றை நிறுவ மற்றொன்றையும், மற்றொன்றை நிறுவ முதலாவதையும் பற்றி நிற்றல் என்பது அதன் பொருள். பௌத்தப் பேரறிஞர் நாகார்ஜுனர் தம் விக்ரஹவ்யாவர்த்தனி என்னும் நூலில் நியாயம் என்னும் தருக்க நெறியைச் சேர்ந்த நியாயவாதிகளை நோக்கித் தொடுத்த வினா இதே வடிவினது. பொருள்கள் பிரமாணங்களால், அதாவது அறிவின் அளவைகளால், நிறுவப்படுகின்றன என்றால் அந்த அளவைகளை நிறுவுவது எது? வேறோர் அளவை என்றால் அதற்கு மற்றோர் அளவை தேவைப்பட்டு முடிவின்றி நீளும். தம்மைத் தாமே நிறுவிக்கொள்கின்றன என்றால் அளவைகளுக்கு மட்டும் அச்சலுகை எதனால் என்று காரணம் சொல்லவேண்டும். பொருள்களே அவற்றை நிறுவுகின்றன என்றால் நிறுவப்படவேண்டியதே நிறுவுவதாகிவிடும். மாணவர்களைக் கொண்டு வினாக்களைச் சோதிக்கும் முறை அகப்பட்டு நிற்பது இம்மூன்றாவது கவட்டில்.

கௌதமரின் நியாய சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தில் இத்தகைய தடையை எடுத்துக்கொண்டு துலாக்கோலை உவமையாகக் காட்டி விடை சொல்கிறது. துலாக்கோல் பொன்னை நிறுக்கும்போது அளவையாக இருக்கிறது. அதன் மீதே ஐயம் வந்தால், எடை அறியப்பட்ட பொன்னைக் கொண்டு அதையே சோதிக்கலாம், அப்போது அது அளக்கப்படும் பொருளாகிறது. ஒரே பொருள் வெவ்வேறு வேளைகளில் அளவையாகவும் அளக்கப்படுவதாகவும் இருப்பதில் முரண் இல்லை. இவ்விடை உலகியல் தெளிவு மிக்கது, தேர்வாளர்களுக்கும் ஆறுதலளிப்பது. ஆனால் இதில் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. சோதிக்கப் பயன்படும் பொன்னின் எடை, ஐயத்துக்குள்ளான துலாக்கோலால் அன்றி வேறொரு துலாக்கோலால் அறியப்பட்டிருக்கவேண்டும். வினாப் பகுப்பாய்வில் அந்த வேறு துலாக்கோல் பெரும்பாலும் இல்லை. ஐயத்துக்குரிய கோலில் நிறுத்த பொன்னைக் கொண்டே அக்கோல் சரிபார்க்கப்படுகிறது. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையிலிருந்து, அளவைகளை ஆராய்ந்த பின்னரே பொருளாராய்ச்சிக்குள் நுழையும் சிவஞான சித்தியார் வரை தமிழில் அளவைக்குத் தரப்பட்டுள்ள முதன்மையை நோக்கினால், இந்நிபந்தனை எளிதில் விட்டுக்கொடுக்கத்தக்கதன்று என்பது விளங்கும்.

துறைக்குள்ளேயே இதனை உணர்ந்தோர் உண்டு. உளவியலாளர் ஜேன் லோவிங்கர் 1954-இல் சுட்டிக்காட்டிய முரண் இங்குக் கருதத்தக்கது. ஒரு தேர்வு மீண்டும் மீண்டும் ஒரே முடிவைத் தருவது நம்பகத்தன்மை எனப்படும். அளக்கவேண்டியதை உண்மையில் அளப்பது ஏற்புடைமை எனப்படும். மொத்தத்தோடு இயைந்து போகாத வினாக்களை நீக்கிக்கொண்டே சென்றால் நம்பகத்தன்மை உயர்ந்துகொண்டே போகும், ஆனால் ஓர் எல்லைக்கு அப்பால் ஏற்புடைமை குறையத் தொடங்கும். எல்லா வினாக்களும் முழுமையாக இயைந்துவிட்ட தேர்வு ஒரே வினாவைப் பலமுறை கேட்கும் தேர்வேயன்றி வேறில்லை. ஒத்துப்போகாத வினா சில வேளைகளில் தவறான வினா. சில வேளைகளிலோ, மற்ற வினாக்கள் எவையும் தொடாத ஒரு திறனைத் தொட்ட ஒரே வினா அதுவாக இருக்கும். எண் இவ்விரண்டையும் ஒன்றாகவே காட்டும்.

எண் ஐயத்தை எழுப்பத் தவறிய இடங்கள் இதைவிடக் கவலை தருவன. அமெரிக்காவில் 1980 அக்டோபரில் 8,30,000 பேர் எழுதிய கல்லூரி முன்நிலைத் திறன் தேர்வில், எல்லா விளிம்புகளும் சமமான, சதுர அடித்தளம் கொண்ட ஒரு கூம்பகத்தையும், அதே அளவுள்ள சமபக்க முக்கோணங்களாலான ஒரு நான்முகியையும், முகத்தோடு முகம் பொருந்த ஒட்டினால் வெளியே எத்தனை முகங்கள் தெரியும் என்று கேட்கப்பட்டது. ஐந்தும் நான்கும் ஒன்பது, ஒட்டி மறையும் இரண்டைக் கழித்தால் ஏழு என்பது விடைக்குறிப்பின் முடிவு. ஆனால் ஒட்டும்போது இருபுறமும் அடுத்தடுத்த இரு முக்கோணங்கள் ஒரே தளத்தில் அமைந்து ஒரே முகமாகிவிடுவதால் சரியான விடை ஐந்து. இதனைக் கண்டு முறையிட்டவர் ஃப்ளோரிடா மாநிலத்துப் பள்ளி மாணவர் ஒருவர். இரண்டு ஆண்டுகளுக்குள், 1982 மே மாதத்தில் நடந்த கல்லூரி நுழைவுத் தேர்வில், மற்றொரு பிழை வெளிப்பட்டது. ஒரு வட்டத்தின் ஆரம் மற்றொன்றின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சிறியது பெரியதைச் சுற்றி உருண்டு தொடங்கிய இடத்துக்குத் திரும்பும்போது எத்தனை முறை சுழன்றிருக்கும் என்பது வினா. சுற்றளவுகளை வகுத்து மூன்று என்றது விடைக்குறிப்பு. சுற்றிவரும் பாதையே ஒரு சுழற்சியைக் கூட்டுவதால் விடை நான்கு, அந்த நான்கோ தரப்பட்ட தெரிவுகளில் எங்கும் இல்லை. எழுதிய 3,00,000 பேரில் முறையிட்டுக் கடிதம் எழுதியவர்கள் மூவர்.

இவ்விரு வினாக்களிலும் விடைக்குறிப்பு சொன்ன தவறான விடை, வகுப்பறைக் கணக்கில் தேர்ந்த மாணவர் விரைந்து எட்டும் விடையாகும். அதை எட்டவும் முடியாமல் திணறுபவர் பின்தங்கிய மாணவர். ஆகவே வேறுபடுத்தும் திறனைக் கணக்கிட்டால் இத்தகைய வினா நல்ல வினாவாகத் தோன்றுவதற்கே வாய்ப்பு மிகுதி. இயற்பியல் துறையில் ஐன்ஸ்டைனோடு இணைந்து பணியாற்றிய கணிதவியலாளர் பனேஷ் ஹாஃப்மன், 1962-இல் தேர்வுகளின் கொடுங்கோன்மையைப் பற்றி வெளியிட்ட நூலில் வற்புறுத்தியதும் இதுவே: ஆழ்ந்து சிந்திக்கும் சிலரைத் தண்டிக்கும் வினாவைப் புள்ளிவிவரம் காட்டிக்கொடுக்காது, ஏனெனில் அவர்கள் சிலர். அவருடைய சீற்றம் சில இடங்களில் அளவு கடந்ததுதான். இந்த ஒரு வாதத்துக்கு மட்டும் தேர்வு நிறுவனங்கள் நிறைவான மறுமொழி தந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

இங்கு, வேதத்துக்குப் பொருள் காணும் நெறியினரான மீமாம்சகருக்கும் நியாயவாதிகளுக்கும் இடையே நடந்த பழைய வழக்கு பொருந்தி வருகிறது. எழுந்த அறிவு இயல்பாகவே உண்மையானது, அதனை மறுக்கும் வேறோர் அறிவு எழும்வரை அதை ஐயுறத் தேவையில்லை என்பது மீமாம்சகரின் சுதப் பிராமாணியக் கொள்கை. அறிவின் உண்மை அவ்வறிவுக்குள்ளேயே இல்லை, வெளியிலிருந்து வேறோர் ஏதுவால் உறுதிசெய்யப்படவேண்டும் என்பது நியாயவாதிகளின் பரதப் பிராமாணியக் கொள்கை. தேர்வு நிறுவனங்கள் தம்மை நியாயவாதிகளாக எண்ணிக்கொண்டு மீமாம்சகர்களாக நடந்துகொள்கின்றன. விடைக்குறிப்பு சரியானது, மறுப்பு வரும்வரை அது நிற்கும். மறுப்பை எதிர்பார்ப்பதோ எண்ணிடமிருந்து. ஆனால் கூம்பக வினாவுக்கு மறுப்பு வந்தது லட்சக்கணக்கானோரின் எண்ணிக்கையிலிருந்தன்று, ஒருவரின் காரணவிளக்கத்திலிருந்து. அந்த ஒருவரின் விடையை எண்ணிக்கை தன் கணக்கில் பிழையாகவே பதிந்திருக்கும்.

வெளிச்சான்றாக நியாயவாதிகள் முன்வைத்தது செயலின் வெற்றி. ஓர் அறிவைக் கொண்டு செயலில் இறங்கியவனுக்கு அச்செயல் பலித்தால் அவ்வறிவு உண்மை என்பதை வாத்ஸ்யாயனர் தம் நியாய சூத்திர உரையின் தொடக்கத்திலேயே நிறுவுகிறார். தேர்வுக்கும் இவ்வழி உண்டு: நுழைவுத் தேர்வில் ஒரு வினாவுக்குச் சரியாக விடையளித்தவர் பின்னர்க் கல்லூரியிலும் தொழிலிலும் சிறந்தாரா என்று தொடர்ந்து பார்ப்பது. ஆனால் நுழைவுத் தேர்வில் தோற்றவர் கல்லூரிக்குள் நுழைவதே இல்லை. நுழைந்திருந்தால் எப்படிச் செயல்பட்டிருப்பார் என்பதைக் காண வழியே இல்லை. கோல் ஒதுக்கிய பொன்னை வேறு எவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. தேர்வுத் தரவுகளில் இல்லாதது எது என்ற கேள்வி, இருப்பதைப் பற்றிய கேள்விகள் அனைத்தையும்விட முதன்மையானது. ஆயினும் அதற்கு விடை தரும் பட்டியலை எவரும் தயாரிக்க முடியாது.

வெவ்வேறு சமூகத்தவர்க்கு ஒரு வினா நடுநிலையானதா என்று சோதிக்கும் முறையும் இதே தடத்தில்தான் செல்கிறது. நேதன் மேன்டல், வில்லியம் ஹென்செல் இருவரும் 1959-இல் நோய்களின் காரணங்களை ஆராய்வதற்காக வகுத்த கணக்கை, 1980-களில் பால் ஹாலண்டும் டாரதி தேயரும் தேர்வுகளுக்குப் பொருத்தினர்: மொத்த மதிப்பெண் சமமாக உள்ள இரு குழுவினரில் ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு வினா கடினமாக இருந்தால் அவ்வினா ஐயத்துக்குரியது. படகோட்டிக்கும் படகுப்போட்டிக்கும் உள்ள உறவை உவமை வினாவாகக் கேட்டு, செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கை அறிவென்று எண்ணிய பழைய அமெரிக்க வினாத்தாள்களின் வழக்கத்தை நோக்க, இச்சோதனை பெரும் முன்னேற்றமே. ஆனால் மொத்த மதிப்பெண்ணே ஒப்பீட்டின் அடித்தளம் என்பதால், எல்லா வினாக்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் எந்த வினாவும் சாய்ந்ததாகத் தெரியாது.

இதுவரை கண்டவை அளவையைப் பற்றிய சிக்கல்கள். அளப்பதன் நோக்கத்தைப் பற்றிய சிக்கல் வேறானது. வேறுபடுத்தும் திறன் என்ற கருத்தே, மனிதரை மனிதரிடமிருந்து பிரித்துக் காட்டுவதுதான் தேர்வின் பணி என்ற முன்முடிவைத் தன்னுள் கொண்டிருக்கிறது. எல்லோரும் சரியாக விடையளித்த வினாவின் வேறுபடுத்தும் திறன் சுழியம். ஆகவே அது பயனற்றதாக நீக்கப்படும். ஆசிரியர்கள் இன்றியமையாதது என்று கருதி மிகுந்த உழைப்போடு கற்பித்து, மாணவர் அனைவரும் கற்றுக்கொண்ட பொருளைப் பற்றிய வினாவே அப்படி நீக்கப்படுவதற்கு வாய்ப்பு மிகுதி என்று கல்வியியலாளர் ஜேம்ஸ் பாப்பம் நெடுங்காலம் வாதிட்டார். ராபர்ட் கிளேசர் 1963-இலேயே இரு நோக்கங்களைப் பிரித்துக் காட்டியிருந்தார்: ஒருவரைப் பிறரோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது ஒன்று, அவர் குறிப்பிட்ட ஒன்றைச் செய்ய வல்லவரா என்று அறிவது மற்றொன்று. குருதி வகை மாறாமல் பார்த்து ஏற்றத் தெரியுமா என்று செவிலியரைக் கேட்கும் வினாவுக்கு அனைவரும் சரியாக விடையளிப்பதே விரும்பத்தக்க முடிவு; அவ்வினாவின் சுழியத்தைக் குறையாகக் காண்பவர், தேர்வு எதற்காக நடத்தப்படுகிறது என்பதை மறந்தவராவார். வெற்றிகரமான கற்பித்தலின் தடயங்களைத் தொடர்ந்து நீக்கிவரும் ஒரு வினாவங்கி, சில ஆண்டுகளில், பள்ளி கற்பிக்காததை மட்டும் அளக்கும் வினாவங்கியாக மாறிவிடும். பிறகு, மாணவர்க்கிடையே உள்ள வேறுபாட்டைப் பள்ளியால் மாற்ற இயலவில்லை என்று அதே வினாவங்கியைச் சான்றாகக் காட்டிப் பேசவும் இயலும். அறவியல் நோக்கில் இவ்வட்டத்தின் தீங்கு முன்னர்க் கூறிய தருக்கக் குற்றத்தின் தீங்கைவிடப் பெரிது.

அவ்வாறாயின் எண்களுக்கு இடமே இல்லையா? நியாய நூல் எண்ணிச் சொல்லும் பதினாறு பதார்த்தங்களில் ஐயம் மூன்றாவதாகவும் தீர்வு ஒன்பதாவதாகவும் வைக்கப்பட்டுள்ளன. இடையே நோக்கம், எடுத்துக்காட்டு, கோட்பாடு, வாதத்தின் உறுப்புகள், தருக்கம் என்பன நிற்கின்றன. புள்ளிவிவரத்துக்கு உரிய இடம் அந்த மூன்றாவது இடம். எந்த வினாவை எடுத்து ஆராயவேண்டும் என்று அது சொல்லும். ஆராய்ந்து முடிவு சொல்லாது. ஐயத்துக்கும் தீர்வுக்கும் இடைப்பட்ட வேலையை, வினாவைப் படித்து, தவறான தெரிவு ஒவ்வொன்றையும் மாணவர் எதனால் தேர்ந்தனர் என்று கேட்டு, பொருளறிந்தவர்கள் கூடி வாதிட்டுத்தான் செய்யவேண்டும். பெருந்தொகையானோர் எழுதும் தேர்வுகளில் காலமின்மையைக் காரணம் காட்டிக் கைவிடப்படுவது இந்த இடைப்பகுதியே.

இந்தியாவில் 2024-ஆம் ஆண்டு மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் தேர்வில் எழுந்த வழக்கு இதற்குத் தக்க சான்று. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலைத்தன்மை உடையவை என்ற கூற்று சரியா என்று ஓர் இயற்பியல் வினா கேட்டது. தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் கழகத்தின் பழைய பதிப்புப் பாடநூல் அவ்வாறே சொன்னது. புதிய பதிப்போ பெரும்பாலான தனிமங்களின் அணுக்கள் என்று திருத்திச் சொன்னது. தேர்வு முகமை இரு விடைகளையும் ஏற்றது. 720-க்கு 720 பெற்ற 61 பேரில் 44 பேர் பழைய பதிப்பின் விடைக்குக் கிடைத்த மதிப்பெண்ணால் முழு மதிப்பெண்ணை எட்டியவர்கள். உச்சநீதிமன்றத்தின் ஆணைப்படி டெல்லி ஐ.ஐ.டி. இயக்குநர் அமைத்த மூன்று வல்லுநர்கள், அக்கூற்று தவறு என்னும் நான்காம் தெரிவு ஒன்றே சரி என்று 2024 ஜூலையில் அறிக்கை தந்தனர். திருத்திய பட்டியலில் முழு மதிப்பெண் பெற்றோர் 17 பேர் ஆயினர். நூலின் சொல்லை உரையளவையாகக் கொண்டால் இரண்டு பதிப்புகள் இரண்டு ஆகமங்களாக மோதுகின்றன. அணுவை நோக்கினாலோ, தாமே சிதையும் கதிரியக்கத் தனிமங்கள் உள்ளவரை பழைய கூற்று எந்நாளும் தவறுதான். வினா அணுவைப் பற்றிக் கேட்டதா, பாடநூலைப் பற்றிக் கேட்டதா என்பது மட்டும் தெளிவுபடவில்லை. பழைய பதிப்பின் விடையைத் தேர்ந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர். இரு விடைகளையும் ஏற்றுக் கணக்கிட்டால் அவ்வினாவுக்கு ஒரு கடினநிலை மதிப்பும் ஒரு வேறுபடுத்தும் திறனும் கிடைக்கும். நான்காம் தெரிவை மட்டும் ஏற்றால் வேறு இரு எண்கள் கிடைக்கும். விடைத்தாள்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை, மாணவர்களும் மாறவில்லை. எந்த எண்ணை நம்புவது என்பதை மூன்று வல்லுநர்கள் அணுவைப் பற்றித் தாம் அறிந்ததைக் கொண்டு முடிவு செய்த பிறகே கணக்கிடத் தொடங்க முடிந்தது.